வீடு மாறும் அன்னையர்

முதுமை எய்திய தாய்மாரை ஊரிலிருந்து அழைத்து வந்து தம் நகர வீட்டில் வைத்துக் காத்தல் மக்களின் கடமை என்பது இந்நாளிற் பலரும் ஒப்பும் கொள்கை. கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு ஐந்தாம் கற்பனையையே ஆதாரமாகக் காட்டுவர். அக்கடமையை மறுத்துரைக்க யாம் ஈண்டுப் புகுந்தேமல்லேம். ஆயின் அதனை நிறைவேற்றும் முறையிற் பெரியதொரு பிழை நேர்கின்றது. எவர் இடம் மாறவேண்டுமோ அவரொருவரை விடுத்து, ஏனையோரெல்லாம் கூடி முடிவு செய்துவிடுகின்றனர். வீட்டுப் பொருள்களோடு தாயும் ஒரு பொருளாக வண்டியேறுகின்றார்.

இதனைப் பிறர் வீட்டுக் குற்றமாகக் கூறோம். சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்திலேயே கண்டோம். எம் ஆச்சியார்க்கு அகவை 78. திருச்செந்தூர் வட்டத்தில், தேரிமணலை அடுத்த ஒரு சிற்றூரில், பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டில் அவர் மறைந்தபின் தனித்து வாழ்பவர். தைத் திங்களிற் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பின்னர், சென்னையிலுள்ள எம் வீட்டிற்கு அவரை அழைத்துச் செல்வதென்றும், ஊர் வீட்டை விற்றுவிடுவதென்றும் பேச்செழுந்தது. பெரிய தந்தையாரும் தந்தையாரும் முன்கூடத்தில் அமர்ந்தனர். அத்தையார் தொலைபேசி வாயிலாகக் கலந்துகொண்டார். மருத்துவமனை உள்ள தொலைவும், வீடு என்ன விலைக்குப் போகும் என்பதும், சென்னையில் எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்பதும் நெடுநேரம் ஆராயப்பட்டன. அந்நேரத்தில் ஆச்சியார் அடுக்களையில், முற்றும் தேறாத கையோடு, அக்கூட்டத்தார் அனைவர்க்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது பேச்சு நின்றது. உள்ளே சென்றபின் மீண்டும் தொடர்ந்தது. முதியோர் சொல்லமிழ்தம் என்றெல்லாம் கட்டுரை வரையும் யாமும் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு வாளா இருந்தேம்.

ஊரை விட்டு வருதலால் ஒரு தாய் இழப்பது நான்கு சுவரை மட்டுமன்று. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலத்தில் இட்டு, அதனை ஆலயத்திற்குக் காணிக்கையாகக் கொடுத்தல் எம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்டிரின் வழக்கம். மணமாகி வந்த நாள்முதல் ஆச்சியார் அப்பிடியரிசியைத் தவறவிட்டதில்லை. நகரத்து வீட்டில், மருமகளார் அளந்து வேகவைக்கும் அரிசியில் அவர் எங்ஙனம் கை வைப்பார்? ஊரிற் குழந்தை பெற்ற வீட்டிலும் நோயுற்றோர் வீட்டிலும் அவரை அழைத்து ஜெபிக்கச் சொல்வர். இறப்பு நேர்ந்த வீட்டில் அவர் வரவை எதிர்பார்த்திருப்பர். நகரத்துப் பெருஞ்சபையிலோ, அவர் கடைசி வரிசையில் அமரும் பெயரறியாக் கிழவியார் ஒருவரே. கல்லறைத் தோட்டத்திற் பாட்டனாரின் பக்கத்தில் வெற்றிடம் ஒன்று உளது. அதனைப் பற்றி முன்கூடத்தில் ஒருவரும் பேசிலர்.

வீட்டின் விலையைப் பேசினோர் மற்றொன்றையும் மறந்தனர். யாம் சட்டம் பயில்வோர் அல்லேம். ஆயினும் அறிந்த அளவிற் கூறுகின்றோம். கிறிஸ்தவர் ஒருவர் மனைவியையும் மக்களையும் விட்டு, உயில் எழுதாது இறப்பின், அவர் சொத்தில் மூன்றிலொரு பங்கு மனைவிக்கும், எஞ்சிய இரு பங்கு மக்களுக்கும் சேரும் என 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வகுத்துள்ளது. எம் பாட்டனார் உயில் எழுதிற்றிலர். எனவே அவ்வீட்டில் ஆச்சியார் பிள்ளைகளின் தயவில் தங்கியிருப்பவர் அல்லர், உரியவருள் ஒருவர். பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து மாதந்தோறும் பொருள் பெற்றுத்தர 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அது சோற்றுக்கும் உறைவிடத்திற்கும் வழி செய்யும். தாயின் உள்ளத்தைக் கேட்டறிந்தனரா என வினவ எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

தனித்திருக்கும் முதியவள் மீண்டும் விழுந்தால் யார் தூக்குவார் என்று கேட்பர். நேரிய வினாவே. இரவில் விழுந்து விடியுமளவும் கிடந்தோர் உண்டென்பதை யாமும் அறிவோம். ஊரிலேயே அவரை விட்டுவிடுக என்பது எம் வாதமன்று. மேலும், முடிவு செய்வோர் மைந்தராயினும் நாள்தோறும் பணிவிடை செய்பவர் மருமகளாரே. அன்று எம் அன்னையாரையும் ஒருவரும் கேட்டிலர் என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

வேதாகமத்தில் இப்பொருள்பற்றி நாம் மிகுதியும் நினையாத வரலாறு ஒன்றுளது. அப்சலோமுக்கு அஞ்சித் தாவீது ஓடிய காலத்தில், மக்னாயீமில் அவனை உணவளித்துத் தாங்கியவன் கீலேயாத்தியனாகிய பர்சிலா. அரசு மீண்டபின் தாவீது அவனை எருசலேமுக்கு அழைத்து, அரண்மனையில் வைத்துப் பராமரிப்பதாகக் கூறினான். பர்சிலாவுக்கு அப்போது 80 வயது. உணவின் சுவையும் பாடகரின் இசையும் தனக்கு இனிப் புலப்படா எனவும், தன் ஊரில் தாய் தந்தையரின் கல்லறையண்டை மரிக்க விரும்புவதாகவும் கூறி, யோர்தான் மட்டும் உடன்வந்து விடை கேட்டான். தனக்கு ஈடாகக் கிம்காமை அனுப்பினான். அரசன் வற்புறுத்தினானல்லன், முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினான். நன்றிக்கடன் பட்டவன் முதியவன் சொல்லுக்கு இசைந்தமையே அங்கு மரியாதையாயிற்று.

இதற்கு மாறானது அகுஸ்தீனின் அன்னை மோனிக்கா அம்மையாரின் வரலாறு. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரினரான அவரை மகன் உடன்கொண்டு சென்றிலன். கார்த்தேஜ் துறையிற் பொய் கூறி ஏமாற்றி, இரவிற் கப்பலேறினான். அம்மையாரோ தாமே கடல் கடந்து இத்தாலியா சென்று மிலான் நகரில் அவனை அடைந்தார். 387ஆம் ஆண்டில் ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் நோயுற்று 56ஆம் வயதில் இறந்தார். கணவரின் பக்கத்தில் தமக்கும் கல்லறை அமைத்து வைத்திருந்தவர் அவர். ஆகவே, சொந்த நாட்டில் மரித்தலே நலம் என்று அகுஸ்தீனின் சகோதரர் அன்போடு சொன்னார். அம்மையார் அவரைக் கடிந்து நோக்கி, தம் உடலை எங்கு வேண்டுமாயினும் வைக்கலாம், கர்த்தரின் பீடத்தண்டை தம்மை நினைந்தாற் போதும் என்றார். பல்லாண்டு பேணிய விருப்பத்தைத் தாமே கைவிட்டார். இதனால் யாம் கற்றது, ஊர்ப்பற்றையும் மக்கள் தாய்மேல் ஏற்றிச் சொல்லலாகாது என்பது. ஆச்சியார் ஊரை விடவே மாட்டார் என யாம் மனத்திற் கொண்டிருந்ததும் அத்தகைய ஊகமே.

விடுமுறையின் கடைசி நாளில், கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த அவரிடம், "ஆச்சி, சென்னைக்கு வர உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "இதைக் கேட்க உனக்கு ஒரு மாதம் ஆயிற்றா, ஐயா?" என்றார். பின்னர்க் கை கழுவி வந்து திண்ணையில் அமர்ந்து விடை பகர்ந்தார். விழுந்தது முதல் இரவில் அச்சமாயிருப்பதால் வரத் தமக்குச் சம்மதமே. ஆயின் அறுப்பின் பண்டிகை கழிந்த பின்னரே வருவார். தாம் உயிரோடிருக்குமளவும் வீட்டை விற்றலாகாது. சாவி தம்மிடம் இருத்தல் வேண்டும். கல்லறையைப் பற்றிக் கேட்டதற்கு, அதனை உங்கள் தாத்தாவும் நானும் முன்னமே பேசி முடித்தாயிற்று என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இவற்றைத் தந்தையாரிடம் அன்றிரவே சொன்னோம். பண்டிகைவரை பொறுத்திருக்க இசைந்தனர். வீட்டைப் பற்றிப் பெரிய தந்தையாரிடமிருந்து இன்னும் விடை வரவில்லை. விலை பேசியவர் இருமுறை வந்து கேட்டுச் சென்றாராம்.