கத்தி காத்திருக்கும் 20 நிமிடம்

வாய்ப் புற்றுநோய்க்கான ஆபரேஷன். கன்னத்துக் கட்டியை சர்ஜன் வெட்டி எடுத்துவிட்டார், ஆனால் இன்னும் தையல் போடவில்லை. கட்டியைச் சுற்றியிருந்த ஓரத் திசுவின் துணுக்குகள் பெதாலஜி பிரிவுக்குப் போயிருக்கின்றன. ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். பதில் வரும்வரை நோயாளி மயக்கத்திலேயே இருக்கிறார்.

'ஃப்ரோஸன் செக்‌ஷன்' எனப்படும் இந்தச் சோதனையில், கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிக்குள் சுமார் மைனஸ் 20 டிகிரியில் திசுவை உறைய வைக்கிறார்கள். பிறகு ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஒரு துணுக்குக்கு ஏறக்குறைய 20 நிமிடம். நோயாளி மேஜையில் இருக்கும்போதே புற்றா இல்லையா என்று சொல்ல முடியாதா என்று சர்ஜன் வில்லியம் மேயோ கேட்கப்போய், 1905இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன் உருவாக்கிக் கொடுத்த முறையின் வாரிசு இது.

அவசரத்துக்கு விலை உண்டு. உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களின் உருவத்தைக் குலைக்கும். கொழுப்பு சரியாக உறையாது. எலும்பைச் சீவவே முடியாது. ஆகவே தியேட்டருக்குப் போகும் பதில் அப்போதைய வேலை நடப்பதற்குத்தான். தீர்ப்பு, சில நாள் கழித்து மெழுகில் பதித்த திசுவிலிருந்து வருகிறது.

அந்தத் தீர்ப்பு ஒரு பாட்டிலை நம்பியிருக்கிறது. திசுவைப் போல் 10 மடங்காவது ஃபார்மலின் அதில் இருக்க வேண்டும். சிறிய ஊர் நர்ஸிங் ஹோம்களில் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து, பஸ் ஏற்றி நகரத்து லேபுக்கு அனுப்புவது சகஜம். ஃபார்மலினுக்குப் பதில் சேலைன் ஊற்றியிருந்தால் போகும் வழியிலேயே திசு கெடத் தொடங்கிவிடும். அப்புறம் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. மார்பகக் கட்டி என்றால் கண்டிப்பு அதிகம்: ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 72 மணியைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ஹார்மோன் சோதனை தவறிப்போகலாம். பாட்டிலில் ஊற்றியது என்ன, பெயரும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று கேட்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை.

மெழுகில் பதித்த திசுவுக்கு 'பிளாக்' என்று பெயர். பல ஆண்டு கெடாது. வேறு ஊரில் சிகிச்சை தேடி மும்பை டாடா மெமோரியல் போன்ற இடத்துக்குப் போகிறவர்களிடம் அதையும் ஸ்லைடுகளையும் கேட்பார்கள். ரிப்போர்ட் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தும் பல குடும்பங்களுக்கு, பிளாக் என்று ஒன்று இருப்பதே அங்கே போய்த்தான் தெரிகிறது.