அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர்களிடம் "எங்கே போய் வந்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். "குக்கூப்புக்குப் போனோம், ஐயா," என்றான் படிவம் மூன்று மாணவன் ஒருவன். "எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?" என்றேன். "சாப்பிட்ட நேரம்தான், ஐயா," என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் போய் வருகிறோம். பேருந்து நிற்கிறது. இறாலும் நண்டும் சாப்பிடுகிறோம். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகளின் முன்னால் படம் பிடித்துக்கொள்கிறோம். அங்கிருந்து தஞ்சோங் பியாய்க்குச் சென்று, ஆசியப் பெருநிலத்தின் தென்முனையில் நின்றதற்கு அடையாளமாக இன்னொரு படம் எடுக்கிறோம். பொழுது சாய்வதற்குள் ஜொகூர் பாருவில் இருக்கிறோம். ஒரு சிற்றூரைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், நாம் பார்த்தது ஒரு சாப்பாட்டுக் கடையை மட்டும்தான்.

சிற்றூருக்குப் போகிறவர் விருந்தாளியாகப் போக வேண்டும். ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பது என் கருத்து. குக்கூப்பையே எடுத்துக்கொள்வோம். அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. அரை மணி நேரம் நிற்பவர் நீரைப் பார்ப்பார். அல்லது சேற்றைப் பார்ப்பார். இரண்டையும் பார்க்க வேண்டுமானால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீர் வடிந்த பிறகு வீடுகளின் அடியில் சேற்றுமீன்கள் துடுப்பை ஊன்றித் தாவுவதைக் காணலாம். படகு எப்போது புறப்படலாம், எப்போது கரை சேரலாம் என்பதை அங்கே கடிகாரத்தைவிடக் கடல்தான் தீர்மானிக்கிறது.

எதிரே தெரியும் குக்கூப் தீவில் மனிதர் வசிப்பதில்லை. 647 ஹெக்டேர் பரப்பு முழுவதும் அலையாத்திக் காடு. தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகியவற்றோடு அத்தீவும் 2003இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அலையாத்தி என்ற பெயரைப் பாருங்கள். அலையின் வேகத்தை ஆற்றும் காடு என்று பொருள். குக்கூப் மக்கள் மரக்கால் வீட்டில் அச்சமின்றி உறங்குவதற்கு அந்தக் காடும் ஒரு காரணம். இதை நான் அங்கே மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சீன மூதாட்டியிடம் தெரிந்துகொண்டேன். அவர் அறிவியல் பேசவில்லை. "தீவு முன்னால் நிற்கிறது, நாங்கள் பின்னால் இருக்கிறோம்," என்று மலாயில் சொன்னார், அவ்வளவுதான்.

ஆனால், ஜொகூரில் வளரும் தமிழ் மாணவர்கள் முதலில் போக வேண்டிய சிற்றூர் குக்கூப் அன்று. அது எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறாத தோட்டப்புறம்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் மகளை ரெங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். கைப்பேசி காட்டிய வழியை நம்பியதால் முதலில் சிம்பாங் ரெங்கத்தில் போய் நின்றோம். இரண்டும் வெவ்வேறு ஊர்கள். சிம்பாங் ரெங்கம் நெடுஞ்சாலையை ஒட்டியது. ரெங்கம் இரயில் பாதையை ஒட்டி வளர்ந்தது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909இல் முழுமை பெற்றது. காடாகக் கிடந்த நடு ஜொகூரில் அந்தப் பாதையின் இரு பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ரப்பரை ஏற்றிச் சென்றதும், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் இரயில்தான்.

என் பெரியம்மா ரெங்கம் பட்டணத்தில் சிறிய தரைவீடு ஒன்றில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் வேலை செய்த தோட்டம் பட்டணத்திலிருந்து நான்காவது கட்டையில் இருக்கிறது. அன்றிரவு அவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என் மகளை எழுப்பிவிட்டார். "இந்த நேரத்தில் எங்கே பாட்டி?" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். "பெரட்டுக்கு," என்றார் பெரியம்மா. விடியுமுன் தொழிலாளர்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள்.

தோட்ட அலுவலகத்தில் முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் காவலர் எங்களை உள்ளே விட்டார். கைவிளக்கு வெளிச்சத்தில் செம்மண் சாலையில் நடந்தோம். பெரியம்மா ஓரிடத்தில் நின்று, ஊன்றுகோலை நீட்டி, "இது என் நிரை," என்றார். அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. தொழிலாளர் பலர் வேண்டிய ரப்பரை அழித்து, குறைந்த ஆட்களே போதும் என்ற செம்பனையைத் தோட்டங்கள் நட்ட காலத்தில் அந்த இடமும் மாறிவிட்டது. ஆனால், மேடு பள்ளம் மாறவில்லை. எந்தச் சரிவில் எத்தனை மரம் நின்றது, மழை பெய்தால் எங்கே வழுக்கும் என்பதெல்லாம் அவர் கால்களுக்கு நினைவிருந்தது.

"ஏன் பாட்டி இருட்டில் வேலை செய்தீர்கள்?" என்று என் மகள் கேட்டாள்.

"வெயில் ஏறினால் பால் நின்றுபோகும், கண்ணு. குளிர்ச்சியில்தான் நன்றாக இறங்கும்," என்றார். பிறகு வெறுங்கையாலேயே வெட்டிக் காட்டினார். பட்டையில் கத்தியைச் சரிவாக இழுக்க வேண்டும். ஆழம் கூடினால் மரம் புண்படும். பால் பீலி வழியாக மங்கில் வடியும். முற்பகலில் அதை வாளிகளில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பு வைத்து ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மங்கில் உறைந்தது கட்டிப்பால். பட்டையில் காய்ந்தது ஒட்டுப்பால். மழை பெய்தால் வெட்டு இல்லை. அதனால் சம்பளமும் இல்லை. பீலி, மங்கு, காண்டா, நிரை ஆகிய சொற்களை என் மகள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். பதினைந்து வயதுவரை தமிழ் படித்த பிள்ளை அவள். அவளுக்குச் சொல்லித் தராத குற்றம் என்னுடையதுதான்.

லயத்தில் பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெரியம்மா இருந்த வீட்டில் இப்போது வங்காளதேச இளைஞர்கள் இருவர் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். பெரியம்மாவின் கண் சமையலறைச் சுவருக்குப் போனது. அவர் நாட்காட்டி மாட்டுவதற்காக அடித்த ஆணி அங்கேயே இருந்தது. அந்த இளைஞர் தம் தொப்பியை அதில் மாட்டியிருந்தார். தம் ஊரில் அம்மாவும் தங்கையும் இருப்பதாகவும், வீட்டைப் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆவதாகவும் மலாயில் சொன்னார். தோட்டம் காலியாகிவிட்டது என்று நாம் சொல்கிறோமே, அது சரியில்லை என்று எனக்கு அப்போது பட்டது. காலியானது நம்மவர் வீடுகள். தோட்டம் இன்னொரு நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டு இயங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயணத்துக்கு என் அம்மா வரவில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அட்டைக்கும் கொசுவுக்கும் இரத்தம் கொடுத்தது போதாதா? நீ அங்கே திரும்பிப் போகக்கூடாது என்றுதானே படிக்க வைத்தேன்," என்றார். பதினான்கு வயதில் கத்தி பிடித்தவர் அவர். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் இடமாகப் பேசுகிற என்னைப் போன்றோருக்கு இது வலிமையான மறுப்பு. இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஒழுகும் கூரை, பத்தாத சம்பளம், எட்ட இருந்த மருத்துவமனை, ஆயாக் கொட்டகையில் அழுத குழந்தைகள் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லாமல், காலைப் பனியையும் மாரியம்மன் கோயில் திருவிழாவையும் மட்டும் பேசுவது நேர்மையாகாது. "அந்தக் காலம் போல வருமா!" என்று பெருமூச்சு விடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இருந்தாலும், போக வேண்டும் என்றே சொல்கிறேன். ஜொகூரின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்தவர்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய், உலு திராம் என்று பிரிந்து போனார்கள். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்றும் 'தோட்டம்' என்ற சொல் ஒட்டியிருக்கிறது. சில பள்ளிகள் பட்டணத்துக்கே இடம் மாறிய பிறகும் அப்பெயரை விடவில்லை. அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் நாள்தோறும் நுழையும் மாணவரிடம் "அந்தத் தோட்டம் எங்கே இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த நிலை நமக்கு மட்டும் வந்ததன்று. ஸ்காட்லாந்தின் வடகோடியில், கெய்த்னஸ் பகுதியில், கடலோரப் பாறை உச்சியில் பேட்பே என்ற சிற்றூர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும், செம்மறியாடு வளர்த்தால் இலாபம் அதிகம் என்று கண்ட நில உடைமையாளர்கள், பள்ளத்தாக்குகளில் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். போக்கிடமற்ற சிலர் அந்தப் பாறை உச்சியில் கல்வீடு கட்டிக் குடியேறினர். காற்று அடித்துக் கடலில் தள்ளிவிடாதபடி கால்நடைகளையும் பிள்ளைகளையும்கூடக் கயிற்றில் கட்டி வைத்தார்களாம். கடைசியாக இருந்தவரும் 1911இல் ஊரை விட்டுப் போனார். ஏறக்குறைய அதே சமயத்தில் அங்கே ஒரு நினைவுத்தூண் எழுந்தது. அதை எழுப்பியவர், 1839இல் பேட்பேயிலிருந்து நியூசிலாந்துக்குக் கப்பலேறிய ஒருவரின் மகன். இடிந்த வீட்டின் கற்களைக் கொண்டே அதைக் கட்டி, அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களைப் பொறிக்கச் செய்தார். இன்றும் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒற்றையடிப் பாதையில் நடந்து சென்று மக்கள் அதைப் பார்க்கிறார்கள். கூரையில்லாத சுவர்களும் புல்லும் கடற்காற்றும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பெயர்கள் இருக்கின்றன.

அந்நாட்டுக்கும் நம் தோட்டங்களுக்கும் வேறு உறவும் உண்டு. மலாயாவின் பெரிய தோட்ட நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த குத்ரியை 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் குத்ரி, ஸ்காட்லாந்துக்காரர். காற்றடைத்த டயரை 1880களில் உருவாக்கிய டன்லப், டிரெக்கார்ன் என்ற ஸ்காட்லாந்துச் சிற்றூரில் பிறந்தவர். அந்த டயர் உலகெங்கும் உருண்டதால் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. ரப்பருக்காக ரெங்கத்தில் காடு அழிந்தது. காட்டை அழிக்க நம் கொள்ளுப்பாட்டன்மார் வந்தார்கள். எங்கோ இருக்கிற இரண்டு சிற்றூர்கள் இப்படியும் தொடர்புபட்டிருக்கின்றன.

தோட்டத்துக்குப் போக விரும்பும் மாணவர்கள் முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். அது தனியார் நிலம். அங்கே வாழ்ந்த ஒருவரைக் கண்டிப்பாக உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் இல்லாமல் போனால் செம்பனையை மட்டும்தான் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். இப்போது குடியிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு. பசியாறுவதற்குத் தோட்டத்து ஒட்டுக்கடையிலோ பக்கத்துப் பட்டணத்திலோ வாங்குங்கள். தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுக்கொரு தோட்டம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மாணவர் படிவம் ஐந்தை முடிப்பதற்குள் ஐந்து தோட்டங்களின் கதை எழுத்தில் வந்துவிடும். கதை சொல்லத் தெரிந்தவர்களுக்கு எண்பது வயதாகிவிட்டது என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

என் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் லயத்தைப் படமாக வரைந்தாள். வரிசைக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு வீடுகள். பெரியம்மா ஒவ்வொரு வீடாக விரலை வைத்து அங்கே இருந்தவர் பெயரைச் சொன்னார். பதினான்கு பெயர்கள் வந்தன. மற்றவை நினைவுக்கு வரவில்லை. "குளுவாங்கில் என் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தெரியும்," என்றார்.

வீடு திரும்பியதும் அந்த நோட்டுப் புத்தகத்தை அம்மா வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பென்சிலைக் கேட்டு வாங்கி, பதினேழாவது கட்டத்தில் ஒரு பெயரை எழுதினார். இன்னும் ஏழு வீடுகள் காலியாக இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்குக் குளுவாங் போகிறோம்.