ஓலையும் திரையும்

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று உலகின் அருங்காட்சியகங்களை மூடியபோது, அவற்றிற் பல இணையத்தின் வழியே சிறுவரைத் தேடிச் சென்றன. பாடசாலை விடுமுறையில் வீட்டுக்குள் முடங்கிய பிள்ளைகளுக்குக் களிமண் பிசையவும், காகிதத்தில் முகமூடி செய்யவும் திரையிலே கற்பித்தன. பெருந்தொற்று தணிந்த பின்னரும் அந்த வழக்கம் முற்றாக நின்றுவிடவில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ வளரும் நம் பிள்ளை ஒன்று எகிப்திய முகமூடி செய்யக் கற்றுக்கொள்வது நல்லதே. ஆனால் அதே பிள்ளைக்குத் தன் பாட்டி பிறந்த காரைநகரின் நீற்றுப்பெட்டியை யார் கற்பிப்பது?

பனை சூழ்ந்த அந்தத் தீவில் ஓலை இல்லாத வீட்டு வாழ்வு ஒருகாலத்தில் இருந்ததில்லை. கடகம், சுளகு, பாய், மீன் வாங்கும் உமல், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி என ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பின்னல் இருந்தது. பிளாஸ்டிக் வந்து பாதியைப் பறித்தது. 1990களின் இடப்பெயர்வு மீதியைச் சிதறடித்தது. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்கி வந்தபோதிலும், இழைக்கத் தெரிந்த விரல்கள் பெரும்பாலும் முதிய பெண்களுடையவை. நூல்களை மின்வடிவில் காக்க 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் நமக்குண்டு. விரல்களின் அறிவை அவ்வாறு படியெடுத்து வைக்க இயலாது. அது இன்னொரு விரலுக்கே கைமாற வேண்டும்.

அருங்காட்சியகங்கள் நமக்கு இல்லாமல் இல்லை. நல்லூரில் தொல்பொருட் காட்சியகம் உண்டு. நாவற்குழியில் சிவபூமி அரும்பொருட் காட்சியகம் 2020 இலேயே திறக்கப்பட்டது. ஆயினும் கண்ணாடிக்குள் இருக்கும் பொருள் பாதிப் பொருளே. காட்சிக்கூடத்தில் உள்ளவை காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல, வாழ்வின் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை என்பதை, பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1917 முதல் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி விடாது வலியுறுத்தினார். அதை நாம் செயலிற் காட்ட இது வாய்ப்பு.

செய்ய வேண்டியது பெரிதல்ல. ஆகஸ்ட் மாதத்தில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பள்ளி விடுமுறை. வழமையாக இலங்கைக்கும் அப்போது விடுமுறையே. காரைநகரில் மாலை 6 மணி என்றால் லண்டனில் பிற்பகல் 1.30, ரொறன்ரோவில் காலை 8.30. ஓலை இழைக்கும் ஒரு பெண்மணி, அருகே இரு உள்ளூர்ப் பிள்ளைகள், முகத்தை அன்றிக் கைகளையே பார்க்கும் ஒரு கைத்தொலைபேசி - இவை போதும். ஓலை கிடைக்காத நாட்டில் முதல் வகுப்புக்குத் தடித்த காகிதக் கீற்றுகள் உதவும். வார்ந்து உலர்த்திய ஓலையைப் பின்னர் அஞ்சலில் அனுப்பலாம். உள்ளூர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளக்கட்டும். அங்குள்ள பிள்ளைகள் தமிழிற் கேட்க முயலட்டும். பின்னலோடு மொழியும் கைமாறும்.

பிள்ளைகள் ஏற்கெனவே திரையில் மூழ்கிக் கிடக்கிறார்களே என்று சிலர் கேட்பர். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பின்னத் தொடங்கும் பிள்ளை திரையை விட்டுத் தன் விரல்களைப் பார்த்தே ஆகவேண்டும். இழை ஒன்று தவறினால் திரை அதைத் திருத்தித் தராது. பிரித்துப் பின்னத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். கற்பிக்கும் அந்தப் பெண்மணிக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுக்கப்பட வேண்டும். நினைவுப் பரிசும் பொன்னாடையும் போதா. ஊர்க் கோயில்களின் கோபுரங்களுக்கு வெளிநாட்டிலிருந்து மனமுவந்து பணம் அனுப்பும் நம் ஊர்ச் சங்கங்களுக்கு இது மிகச் சிறிய தொகை. இழைப்பதால் வருமானம் உண்டு என்று கண்டால்தான் காரைநகரின் இளம்பெண்ணும் அதைக் கற்க முன்வருவாள். வெளிநாட்டுப் பிள்ளையின் விடுமுறைப் பொழுதுபோக்கு, ஊரிலே ஒரு தொழிலைப் பிழைக்க வைக்குமானால், அதைவிடச் சிறந்த அருங்காட்சியகம் நமக்கு வேண்டியதில்லை.