பப்பாளிக்குத் தடா, பால்கனி தம்முக்கு ஓகேவா?

பெண்களூருல பொட்டி தட்டற தமிழ்க் குடும்பத்துல ஒரு பொண்ணு உண்டாயிருக்கான்னு தெரிஞ்சா போதும், அடுத்த வாரமே அம்மாவோ மாமியாரோ மடிவாளாவுல பஸ் இறங்கிடுவாங்க. கூடவே சட்டதிட்டமும் இறங்கும். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளு கூடாது, கிரகணத்தன்னிக்கு வெளியே தலை காட்டக் கூடாது. சரி, அந்தப் பட்டியல்ல ரங்கமணிக்குன்னு ஒரு வரியாவது உண்டா? அவர் பாட்டுக்கு பால்கனியில தம் அடிச்சிட்டு, வாயில ஏலக்காயைப் போட்டுக்கிட்டு உள்ளே வருவார். கேட்டா, "பாவம், ஆபீஸ் டென்ஷன்!"

எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இங்கதான்.

நல்லா பழுத்த பப்பாளி ரெண்டு துண்டு தின்னா கரு கலையும்னு ஆதாரம் கிடையாது. சிகரெட் புகைக்கு மூட்டை மூட்டையா இருக்கு. புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டைப் பிடிச்சுக்கும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள இருக்கற பிள்ளைக்கு மூச்சும் சாப்பாடும் குறையும். எடை குறைஞ்சு பிறக்கும், மாசம் முந்திப் பிறக்கலாம். பக்கத்துல இருக்கறவர் ஊதினாலும் எடை குறையும். ஸ்லைடிங் கதவு புகையை முழுசா நிறுத்தாது சார். சட்டையில ஒட்டினதும் உங்ககூடவே உள்ளே வரும்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க பப்புக்குப் போய்க் கெட்டுப் போச்சு"ன்னு புலம்பறவங்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, 15 வயசு தாண்டின ஆண்கள்ல 38 சதவீதம் புகையிலை, கிட்டத்தட்ட 19 சதவீதம் மது. பெண்கள்ல புகையிலை 9, மது 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. உபதேசத்தை யார்கிட்ட ஆரம்பிக்கணும்?

பெரியவங்களும் தப்பிக்க முடியாது. மசக்கை வாந்திக்கு வெத்திலையோட துளி புகையிலை கொடுக்கற பாட்டிங்க இருக்காங்க. மும்பையில 1217 கர்ப்பிணிகளை வச்சு நடந்து 2004-ல வெளியான ஆய்வுல, வாயில புகையிலை போடறவங்க பெத்த பிள்ளைங்க சராசரியா 105 கிராம் எடை குறைவு.

அடுத்தது பிராந்தி. பெத்த உடம்புக்கு ஒரு மூடி, சளி பிடிச்ச பச்சைப்பிள்ளைக்கு நாலு சொட்டு. பீர் குடிச்சா பால் ஊறும்னு ஒரு கதை வேற. நிஜத்துல மது பால் சுரந்து வர்றதைக் குறைக்கும். ரத்தத்துல எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு பால்லயும் இருக்கும். பச்சைப்பிள்ளை ஈரலால அதைச் சமாளிக்க முடியாது. கர்ப்பத்துலயோ, இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது. குடியால கருவுல பிள்ளையோட மூளையும் முகமும் பாதிக்கறதை 1973-லயே சியாட்டில் டாக்டருங்க பேர் வச்சு எழுதிட்டாங்க. அமெரிக்காவுல 1989-லேர்ந்து பாட்டில்லயே கர்ப்பிணிக்கு எச்சரிக்கை இருக்கு. நம்ம ஊர் பாட்டில்ல கட்டாயமா இருக்கறது, உடம்புக்குக் கெடுதல், குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு மட்டும்தான். வயித்துப் பிள்ளை ஞாபகம் யாருக்கும் வரலை.

அதனால சொல்றேன். கர்ப்பத்துல பத்தியம் பொண்ணுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே. வளைகாப்புக்கு அஞ்சு வகை சாதம் கட்டறதுக்கு முன்னாடி ரங்கமணி சிகரெட் பாக்கெட்டைத் தூக்கிப் போடட்டும். பாட்டி சுருக்குப் பையில புகையிலை வேண்டாம். பிராந்தி பாட்டில் வீட்டுக்குள்ளயே வேண்டாம். அப்புறம் பப்பாளியைப் பத்திப் பேசலாம்.

டிஸ்கி: பழக்கத்துல மாட்டிக்கிட்ட பொண்ணைத் திட்டாதீங்க. திட்டினா மறைப்பா, டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டா. தினமும் குடிக்கறவங்க திடீர்னு தானா நிறுத்தறதும் ஆபத்து, டாக்டர் துணை வேணும். ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ்ல இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. புகையிலையை விடறதுக்கு 1800-11-2356, இலவசம். ரங்கமணிகளே, அந்த நம்பர் உங்க சிகரெட் பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கு.