மைனஸ் நாற்பதில் அவினாசி சாலை

சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி. ஹோப் காலேஜ் சிக்னலில் நிற்கிறேன். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் இரைகிறது. ஆன்லைனில் வாங்கிய சின்ன ஸ்கேனரைச் செருகி போனில் பார்த்தால், கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள், அந்த ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்றுதான். எங்க ஊர் க்ளைமேட்டைப் பற்றி நாங்கள் பீற்றிக்கொள்வது உண்டு. ஆனாலும் இது கொஞ்சம் ஓவர்.

சர்வீஸ் சென்டரில் பையன் ஸ்கேனரை மாட்டினான். பி 0118. "சென்சார் போயிருச்சு சார்." மாற்றினார்கள். ஒரு வாரம் விளக்கு எரியவில்லை, எட்டாம் நாள் எரிந்தது. மறுபடி சென்சார், மறுபடி பில். பத்து நாள் தாங்கியது. மூன்றாம் முறை மேனேஜரே வந்து, "இசியுவ மாத்திடலாம் சார்" என்றார். நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு எஸ்டிமேட்டும் கையில் கொடுத்தார்.

இங்கேதான் எனக்குச் சண்டை. பி 0118 என்ற எண் எங்கேயும் "சென்சார் கெட்டுவிட்டது" என்று சொல்வதில்லை. கூலன்ட் வெப்பநிலை சர்க்யூட்டில் சிக்னல் வோல்டேஜ் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இசியு 5 வோல்ட்டை உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்தச் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சார் என்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும், எஞ்சின் நன்றாகச் சூடானால் சில நூறு ஓமுக்கு இறங்கும். தடை குறைந்தால் சிக்னல் வோல்டேஜும் இறங்கும். வழியில் எங்காவது ஒயர் அறுந்தால் கரண்ட் ஓடாது, 5 வோல்ட் அப்படியே நிற்கும். அதை இசியு கடுங்குளிர் என்று படிக்கிறது. சென்சார் செத்தாலும் இதே எண், சிக்னல் ஒயர் அறுந்தாலும் இதே எண், எர்த் ஒயர் அறுந்தாலும் இதே எண். மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பில் போடுவதற்குப் பெயர் டயக்னோசிஸ் அல்ல, சீட்டு எடுக்கும் கிளி ஜோசியம்.

கணபதியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். "ஸ்கேனர் இல்லீங்களாண்ணா?" என்றேன். "இருக்குதுங் தம்பி, அப்பறம் பாக்கலாம்" என்றார். சாவியை ஆன் பண்ணச் சொல்லிவிட்டு, சென்சாரின் கப்ளரைக் கழற்றினார். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை சிக்னல் ஒயரில். 4.98 வோல்ட். சிவப்பை அங்கேயே வைத்துக்கொண்டு, கறுப்பை மட்டும் எடுத்துச் சென்சாரின் எர்த் பின்னில் வைத்தார். மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றித் தடுமாறியது. ஒயரை ஆட்டினார், 4.98 வந்தது. விட்டார், போனது.

"எர்த்தே வரலைங், சென்சார் பாவம் என்ன பண்ணும்? எலி வேலைங்."

டேப்பைப் பிரித்தால், எலி கடித்து இரண்டே இழையில் தொங்கும் செம்பு. கூலியும் ஒயரும் சேர்த்து 350 ரூபாய்.

வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது: சென்சார் மாற்றியது ஏன் ஒரு வாரம் "வேலை செய்தது"? கப்ளரைப் பிடுங்கி மாட்டும்போது ஒயர் அசைந்து அந்த இழைகள் தொட்டிருக்கும். ரோட்டுக் குழிகள் மறுபடி பிரித்திருக்கும். தப்பான சிகிச்சைக்குக் கிடைத்த தற்செயலான குணம், இரண்டாவது சென்சாருக்கு நியாயமாகிவிட்டது. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு "ஃபிக்ஸ்டு" என்று டிக்கெட்டை மூடும் என் தொழிலில் எனக்கு இது நன்றாகப் பழக்கம். அந்தப் பையனை நான் திட்டமாட்டேன். அவனுக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. அளக்கும் அரை மணி நேரத்துக்கு பில்லில் வரி கிடையாது, சென்சாருக்கு உண்டு. ஸ்கேனர் திரையில் வோல்டேஜைக் காட்டாமல் "ரீப்ளேஸ்" என்று பெரிய பட்டன் வைப்பவர்கள் என்னைப் போன்ற ஆட்கள்தான்.

இந்த இடத்தில் இலக்கிய வாசகர்கள் ஒரு தப்பு பண்ணுவீர்கள், நானும் பண்ணியிருக்கிறேன். அந்த அண்ணாவை உடனே மண்ணின் ஞானி ஆக்கிவிடுவோம். கை மணம், அனுபவ அறிவு, படிக்காத மேதை. தயவுசெய்து வேண்டாம். அவர் செய்தது ஓம் விதி. என் எஞ்சினியரிங் முதல் வருடப் பாடத்தில் இருந்தது, நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியது. அவர் அதைச் செய்தார், நான் செய்யவில்லை. அவரை மாயாவி ஆக்கினால், அவருக்கு எது மறுக்கப்படுகிறது என்று கேட்காமலே தப்பித்துக்கொள்ளலாம்.

மறுக்கப்படுவது ஒயரிங் டயகிராம். எந்த ஒயர் எந்த ஸ்ப்ளைசுக்குப் போகிறது, எந்த எர்த்தை எத்தனை சென்சார் பங்கிடுகிறது என்ற ஒரு தாள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகம், டயக்னாஸ்டிக் கருவி, தொழில்நுட்பக் கையேடு இதெல்லாம் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். வழக்கு மேல்முறையீடுகளுக்குள் போனது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு போர்ட்டலும் திறந்தது. கணபதியில் அந்த அண்ணா இன்றைக்கும் டார்ச் அடித்து ஒயரின் கலரைத் தடவிக்கொண்டு போகிறார்.

நான் நின்ற ஹோப் காலேஜ் என்ற பெயரே ஆர்தர் ஹோப் பெயரில் நடந்த தொழில்நுட்பக் கல்வியின் மிச்சம். அதற்குப் பின்னால் ஜி.டி.நாயுடு இருந்தார். ஒரு மோட்டார் பைக்கை வாங்கிப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டித் தொழில் கற்ற ஆள். 1937-ல் இந்த ஊரில் மின் மோட்டார் செய்தவர்களில் ஒருவர். அவர் சிலைக்கு மாலை போடுகிற ஊர்தான் இது. இன்றைக்கு அவர் ஒரு காரைப் பிரித்தால் முதலில் வாரன்டி போகும், அப்புறம் ஒயரிங் தாளுக்கு லாகின் கேட்கும்.

கிளம்பும்போது அண்ணா கேட்டார்: "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்லதான இருக்கறீங்க? இந்த வண்டியோட ஒயரிங் டயகிராம் மட்டும் எங்கயாச்சும் எடுத்துத் தர முடியுங்களா?"

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். கம்பெனியின் பக்கம் ஒன்று கிடைத்தது. முதல் கட்டத்தில் டீலர் கோட் கேட்டது.