சர்க்கார் நிலம் சர்க்காருக்கே

ஊர்க்கோடியில் உள்ள மேய்ச்சல் புறம்போக்கில் ஏதோ ஓர் இலாகாவின் கட்டடம் வரப்போகிறது என்று செய்தி வந்தால், "சர்க்கார் நிலம் சர்க்காருக்குத்தானே போகிறது, நமக்கென்ன?" என்று படித்தவர்களே இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்துவிடலாகாது என்பதே இந்த வாரத்து விஷயம்.

நீங்களோ நானோ அரைக் கிரவுண்டு மனை வாங்கினால் முத்திரைத்தாள், சாட்சி, பதிவுக் கச்சேரி என்று அலையவேண்டும். மாநில சர்க்காரின் ஓர் இலாகாவிடமிருந்து மற்றோர் இலாகாவுக்கு நூறு ஏக்கர் போவதற்கோ ஓர் உத்தரவு போதும். காரணம் எளிது. இலாகாக்கள் எத்தனை இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவரே. வலக்கைப் பணத்தை இடக்கைக்கு மாற்றுவதற்குப் பத்திரம் எதற்கு? வருவாய் இலாகா இதை "நில மாற்றம்" என்கிறது. நகராட்சி, வாரியம், மத்திய சர்க்கார் முதலிய வேறு ஆளிடம் உரிமையே செல்வதாயின் அது "நில உரிமை மாற்றம்". முன்னதற்குச் சாதாரணமாக விலை இல்லை. பின்னதற்கு மார்க்கெட் விலை கேட்பதுண்டு. தயவு பண்ணி விட்டுக்கொடுப்பதும் உண்டு.

மத்திய சர்க்காரை வேறு ஆள் என்றேன். இது வீண் தர்க்கமல்ல. சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கு. 1953-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மேற்கு வங்காள சர்க்கார் ஜமீன்களை எடுத்துக்கொண்டது. அப்படி அதன் வசம் வந்த நிலங்களில் நிலக்கரி தேட மத்திய சர்க்கார் 1957-ஆம் வருஷத்து நிலக்கரிச் சட்டத்தைக் காட்டி அறிவிப்புச் செய்தது. "ஒரு மாநிலத்தின் சொத்தை எடுக்க உமக்கு அதிகாரம் ஏது?" என்று மேற்கு வங்காளம் நேரே சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. 1962 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. மாநிலத்தின் நிலத்தையும் ஆர்ஜிதம் செய்யப் பார்லிமெண்டு சட்டம் இயற்றலாம் என்று ஆறு நீதிபதிகளில் ஐவர் சொன்னார்கள்; சுப்பா ராவ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் வாத்தியாரின் அபிப்பிராயத்தால் தீர்ப்பு மாறிவிடாது.

மாநில சர்க்காருக்கே ஆர்ஜிதத்தை எதிர்த்து வழக்காட வாய்ப்பிருந்தது. மாடு மேய்ப்பவனுக்கு என்ன இருக்கிறது? ஊர்ப் பொதுநிலம் யாருடையது என்று வகுப்பில் கேட்டால் "யாருடையதும் இல்லை, ஸார்" என்று பையன்கள் சொல்லுகிறார்கள். அந்த விடைக்கு மார்க்கு கிடையாது. நிலம் சர்க்காருடையது, அதில் மேய்க்கவும் களமடிக்கவும் வழக்கமாக அனுபவிப்பது ஊர். கைமாறும்போது சொந்தக்காரர் பெயர் மாறாமலே போகலாம். அனுபவம் மட்டும் போய்விடும். "மேய்க்கால்" என்றிருந்த வகைப்பாடு கணக்கில் மாறியதும் மறுநாளே வேலி எழும்பும்.

இதற்காகத்தான் கிராமத்தில் விளம்பரம் செய்து ஆட்சேபம் கேட்கும் முறை இருக்கிறது. ஆனால் நடைமுறையில் "முன் நுழைவு அனுமதி" என்று ஒன்று உண்டு. வேலை அவசரம் என்றால், இறுதி உத்தரவு வருமுன்பே நிலத்தில் இறங்கிக்கொள்ளக் கொடுக்கும் அனுமதி அது. வெள்ளத்தில் உடைந்த பாலத்தை மறுபடி கட்ட இது நியாயம். அலுவலகக் கட்டடத்துக்கு என்ன அவசரமோ, எனக்கு விளங்கவில்லை. அஸ்திவாரம் எழும்பிய பிறகு வரும் ஆட்சேபத்தை எந்த அதிகாரி சிரத்தையாகப் படிப்பார்?

ஆகவே விளம்பரம் ஒட்டிய அன்றே அதைப் படிக்கவேண்டும். அதிலுள்ள சர்வே நம்பரைக் கிராமக் கணக்கின் "அ" பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஆட்சேபம் எழுத வக்கீல் தேவையில்லை. நம்பர், கணக்கில் கண்ட வகை, இன்று அதை அனுபவிப்பவர்கள், ஊருக்கு வேறு மேய்ச்சல் நிலம் உண்டா என்பது, இவ்வளவும் ஒரு முழுத்தாளில் அடங்கும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ள மறக்கவேண்டாம்.