ஒலுவிலில் ஆராயும் அரபு ஊருக்குத் தமிழில் வரவேண்டும்

அரபு மொழிக் கல்வியும் இஸ்லாமிய ஆராய்ச்சியும் முஸ்லிம்களின் சொந்த விவகாரம். தமிழ் மக்களின் அரசியல் வார இதழுக்கு அதிலே என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களிலே பள்ளிவாசலில் ஓதப்படுவது அரபு. ஓதிவிட்டு வெளியே வந்ததும் பேசப்படுவது தமிழ். பிள்ளையைத் தாலாட்டுவதும் தமிழ். வரம்புக்காகச் சண்டையிடுவதும் தமிழ். நீதிமன்றத்திலே சாட்சி சொல்வதும் தமிழ். அங்கே அரபு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, யாருடைய நன்மைக்காக ஆராயப்படுகிறது என்பது தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் உரிய கேள்வி என்றே நாம் கருதுகிறோம்.

இக்கேள்வியை நீதிமன்றத்திலிருந்து தொடங்குவோம். சம்மாந்துறையில் ஒரு முஸ்லிம் விவசாயி மரணசாதனம் எழுதாமலே இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வயற்காணி எவ்வாறு பங்கிடப்படும்? 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இறந்தவர் எந்த மத்ஹபைச் சார்ந்தவரோ அந்த மத்ஹபின் சட்டப்படி பங்கிடுக என்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் கணவன் மனைவியரின் உரிமைகளைப் பற்றி இவ்வாறே கூறுகிறது. இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். அந்தச் சட்டத்தை அறிய நமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக நாடிவந்த நூல்களில் ஒன்று, 13ஆம் நூற்றாண்டிலே சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி அரபியில் இயற்றிய ‘மின்ஹாஜ்’ என்பதாகும்.

ஆனால் நீதிமன்றத்துக்கு வந்தது நவவியின் அரபு நூலன்று. வான் டென் பேர்க் என்ற ஒல்லாந்த அறிஞர் அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தார். ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் அந்தப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து 1914இல் வெளியிட்டார். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சட்டத்தரணி வாதாடுகிறார். வழக்கு முடிந்தபின், வெளியே காத்திருக்கும் விதவைக்கு அவளுடைய பங்கு இவ்வளவுதான் என்று தமிழிலே வாயாற் சொல்கிறார். அரபிலிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து வாய்மொழித் தமிழ் என்று மூன்று கை மாறி வந்த நீதி அது. இடையிலே ஒரு சொல் பிறழ்ந்திருந்தால் அதனைக் கண்டுபிடிக்க அவளால் ஏலாது. அவளுடைய சட்டத்தரணியாலும் ஏலாது. நாமும் அந்த ஆங்கில நூலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களே. ஆதலின் இக்குறையைப் பிறர்மேற் சுமத்த நாம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிழக்குக் கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றி வந்திருக்கிறார்கள். மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பேருக்கு ஆகிவிடுகின்றன. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். பங்கீட்டு நூலோ மகனுக்குக் கிடைப்பதிற் பாதியையே மகளுக்கு விதிக்கிறது. ஊர் வழக்கும் நூல் விதியும் ஒன்றோடொன்று எவ்வாறு இத்தனை காலம் இணங்கி வாழ்ந்தன? எங்கே மோதுகின்றன? மோதும்போது நட்டமடைபவர் யார்? அக்கரைப்பற்றுத் தமிழரையும் முஸ்லிம்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் பெரிய நூலொன்றை வெளியிட்டவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவர் உழைப்பை நாம் போற்றுகிறோம். ஆனால் நம்முடைய குடியைப் பற்றி அறிய நாமே அமெரிக்கர் ஒருவரின் ஆங்கில நூலைப் புரட்டவேண்டியிருப்பது பெருமைப்படக்கூடிய நிலையா?

இத்தகைய ஆராய்ச்சிக்கு உரிய இடம் ஒலுவில். வடக்கிலும் கிழக்கிலும் 1990இல் மூண்ட கொடுமைகளால் முஸ்லிம் மாணவரும் ஆசிரியரும் தத்தம் பல்கலைக்கழகங்களை விட்டு அகலவேண்டி நேர்ந்தது. அந்நிலையிலே, கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணியும் அரசியல் தலைவருமான எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. 2005இல் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் அங்கே தனிப் பீடம் அமைந்தது. அங்கே தமிழிலும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன என்பதை நாம் அறிவோம், அதனைப் பாராட்டுகிறோம். எனினும் கட்டுரை கருத்தரங்கில் வாசிக்கப்பட்டு நூலகத் தட்டிலே ஓய்ந்துவிடுமானால், கல்முனை நீதிமன்ற வாசலில் நிற்பவளுக்கு அதனால் என்ன பயன்?

அரபை ஆராய்ந்து தமிழிலே தருவது புதிய யோசனையன்று. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’ இஸ்லாமியக் கேள்விகளையும் விடைகளையும் தமிழ்ச் செய்யுளிலே தந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டிலே மார்க்கச் சட்டத்தை அரபுத் தமிழில் எழுதினார். அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, அரபில் இல்லாத ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கும் வடிவம் கண்டு எழுதப்பட்ட தமிழே அரபுத் தமிழ். தமிழெழுத்து அறியாது குர்ஆன் மட்டும் ஓதத் தெரிந்த பெண்கள் அதன்மூலம் தம் மார்க்கத்தைத் தம் தாய்மொழியிலே படித்தார்கள். கண்டியிலே சட்டத்தொழில் புரிந்த அறிஞர் சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியபோது தம் மக்களோடு பேசத் தமிழையே கருவியாகக் கொண்டார்.

கல்முனைக்கும் இதிலே பங்குண்டு. போர்க்கால உணவு உற்பத்திக்காக 1942இல் அங்கே உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். யாழ்ப்பாணத்து முஸ்லிமாகிய அவருக்கும் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளுக்கும் நட்பு வளர்ந்தது அக்காலத்திலேதான். காவியுடுத்த துறவியும் முஸ்லிம் அதிகாரியும் கல்வியைப் பற்றி ஒரே தமிழிலே உரையாடிய மண் அது. பாணந்துறை தந்த பேராசிரியர் உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தையே வாழ்நாட் பணியாக்கிக்கொண்டு, 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே அத்துறைக்கெனப் பேராசிரியரானார். இவர்கள் இட்ட பாதை இருக்கிறது. நடப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

மொழி கற்பித்தலிலும் இதுவே நம் கருத்து. தமிழ்ப் பிள்ளை அரபு கற்கும்போது எங்கே இடறுகிறது என்பது கெய்ரோவில் எழுதிய பாடநூலுக்குத் தெரியாது. தமிழிலே வினை இறுதியில் நிற்கும். அரபில் அது பெரும்பாலும் முதலில் வரும். நமக்கு அடை முன்னே, பெயர் பின்னே; அவர்களுக்குப் பெயர் முன்னே, அடை பின்னே. நமக்கு ஒருமையும் பன்மையுமே உண்டு. அரபிலே இருவருக்கும் இரு பொருளுக்கும் உரிய இருமை தனியே உண்டு. நமக்கு நிலமும் வீடும் அஃறிணை. அரபுக்கு நிலம் பெண்பால், வீடு ஆண்பால். நன்னூலை அறிந்த ஆசிரியர் இவற்றை ஒப்பிட்டு ஒரு வாரத்தில் விளக்கக்கூடியதைப் பிள்ளை பல ஆண்டு மனனம் செய்தும் விளங்காது தவிக்கிறது. கிதாபு, காதிப், மக்தப் ஆகிய மூன்றும் எழுத்து என்ற கருத்துடைய ஒரே மூவெழுத்து வேரிலிருந்து முளைத்தவை என்று சொல்லிக்கொடுத்தால், தன் வீட்டிலே வழங்கும் சொல்லிலிருந்தே பிள்ளை அரபிலக்கணத்தைக் கண்டுகொள்ளும். தமிழ் இலக்கணத்தின் வழியே அரபு கற்பிக்கும் நூலொன்றை ஆக்குவது ஒலுவில் ஆய்வாளருக்கு அரிய காரியமன்று.

இதனைச் செய்யாது விட்டதன் விலை என்ன என்பதை 2019இலே கண்டோம். உயிர்த்த ஞாயிறன்று நடந்த படுகொலைகளுக்குப் பின், ஏப்ரல் 26ஆம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. அதனுள்ளே குழந்தைகளும் இருந்தனர். அக்கொடியவர்களை முஸ்லிம் மக்களே முதலில் வெறுத்தொதுக்கினர். ஆயினும் சந்தேகம் ஒரு மொழியின்மேலே விழுந்தது. அரபு எழுத்துள்ள பெயர்ப்பலகைகள் பல இடங்களில் அகற்றப்பட்டன. இஸ்லாமிய நூல்களை இறக்குமதி செய்வதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2021இலே நிபந்தனை வந்தது. தமிழிலே கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் என்ற இளைஞர் 2020இலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்து, 2023இலே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். தமிழையும் அரபையும் வாசிக்க அறியாத அதிகாரம், தனக்கு விளங்காத எழுத்தையெல்லாம் ஆபத்து என்று எண்ணுகிறது. அதற்கு அஞ்சிக் கற்பதை நிறுத்தினால் அந்த இடத்தை அரைகுறையாகக் கற்றவனும் வெறியனும் பிடித்துக்கொள்வார்கள். மூலநூல் இன்னது சொல்கிறது, இன்னது சொல்லவில்லை என்று தமிழ் அறிந்த எவரும் வாசித்துச் சரிபார்க்கும்படி பகிரங்கமாக எழுதிவைப்பதே அவ்விரு சாராருக்கும் தக்க விடையாகும்.

முஸ்லிமல்லாத நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்முனையிலே பிரதேச செயலக எல்லைக்காக நாம் இரு சாராரும் ஆண்டுக்கணக்காக வாதாடி வருகிறோம். 1990இன் புண் இரு பக்கத்திலும் ஆறவில்லை. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று மேடையிலே முழங்கிய நாம் அம்மக்களில் ஒரு பெரும் பகுதியினரின் கல்வி மரபைப் பற்றி எவ்வளவு அறிவோம்? 1344இலே இந்நாட்டுக்கு வந்த இப்னு பத்தூத்தா ஆரியச் சக்கரவர்த்தியை நேரிற் கண்டு எழுதிவைத்த சாட்சியம் அரபியிலேயே உள்ளது. யாழ்ப்பாண அரசின் வரலாற்றை எழுதப் புகுபவனுக்கே அரபு வேண்டும். அசல், நகல், ரத்து, கைதி, பாக்கி என்று நீதிமன்றத்திலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் நாம் வழங்கும் சொற்களும் அரபு தந்தவையே. இம்மொழியை அயலாரின் மொழியென்று ஒதுக்க நமக்கு நியாயமில்லை.

ஆதலின் நாம் கோருவன மூன்று. முதலாவது, மரபுரிமைக்கும் விவாகத்துக்கும் உரிய ஷாபிஈ சட்டத்தை அரபு மூலத்திலிருந்து நேரே தமிழிற் பெயர்த்து, ஊர் வழக்கையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் குறிப்பிட்டு, ஒலுவில் அறிஞரும் சட்டத்தரணிகளும் கூடி ஒரு நூல் ஆக்கவேண்டும். இரண்டாவது, 2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குத் தப்பிக் கரையோர வீடுகளிலே எஞ்சியிருக்கும் அரபுத் தமிழ் ஏடுகளையும் கிதாபுகளையும் தேடிப் படமெடுத்துப் பட்டியலிடவேண்டும். ஏடுகள் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். மூன்றாவது, தமிழ் இலக்கணத்தின் துணையோடு அரபு கற்பிக்கும் பாடநூல் எழுதப்படவேண்டும். அதனை எந்த மதத்து மாணவனும் மாலை வகுப்பிலே கற்க வழி செய்யவேண்டும்.

இவற்றுள் முதலாவது பணிக்குச் சட்டத்தரணிகளாகிய நம் உழைப்பு தேவை. ஊதியம் கேளாது அதனைத் தர நம்மிற் சிலர் ஆயத்தமாயிருக்கிறோம். ஒலுவிலிலிருந்து ஓர் அழைப்பு வந்தாற் போதும். அடுத்த வாரமே புறப்பட்டு வருவோம்.